உறைப்புக்கு எந்தப் பானம்?

பெரிய நகரங்களின் சில உணவகங்களில் ஒரு விருந்து நடக்கும். ஐந்து முதல் எட்டு வகைச் சாப்பாடு, ஒரேயடியாக அல்ல, ஒன்று முடிய மற்றதாக மேசைக்கு வரும். ஒவ்வொன்றோடும் சிறிய கிளாஸில் வேறொரு பியர் வரும். 100, 150 மில்லிலீற்றருக்கு மேல் ஊற்றமாட்டார்கள். எந்தச் சாப்பாட்டுக்கு எந்தப் பியர் என்று சமையற்காரரும் பியர் காய்ச்சுபவரும் முன்பே இருந்து கதைத்து, ருசி பார்த்து முடிவுசெய்திருப்பார்கள். சாப்பிட வருகிறவருக்குத் தெரிவு இல்லை. ஒரு வாய் சாப்பாடு, ஒரு மிடறு பானம், திரும்ப ஒரு வாய் சாப்பாடு. இரண்டாவது வாய் முதலாவதைவிட நன்றாக இருந்தால் அந்தச் சோடி பொருந்திவிட்டது என்று கணக்கு.

தாராபுரத்தில் இந்த விருந்துக்கு இடமில்லை. இலங்கையின் மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டியைப் போல இதுவும் முஸ்லிம் ஊர். மது மேசைக்கு வராது. ஆனால் அந்த விருந்துக்கு அடியில் கிடக்கும் கேள்வி தாராபுரத்துக்கும் உரியதுதான். நண்டுக் கறி உறைப்பாக இருக்கும்போது பக்கத்தில் எதை வைப்பது? நெய்ச்சோறும் இறைச்சியும் நெஞ்சில் நிற்கும்போது எது அதை இறக்கும்? வட்டிலப்பத்துக்குப் பிறகு எதைக் குடித்தால் இனிப்பு திகட்டாது? பியர் விருந்துக்காரர்கள் இந்தக் கேள்விகளைப் பல வருடங்களாக ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதில் பாதிக்கு மேல் மதுவோடு சம்பந்தப்பட்டதல்ல, நாக்கோடு சம்பந்தப்பட்டது. அதனால் குடிப்பவருக்கும் குடிக்காதவருக்கும் அது பயன்படும்.

முதலில் பியரைப் பற்றிக் கொஞ்சம். பியருக்குள் இருப்பவை நான்குதான்: தண்ணீர், முளைக்கவைத்து உலர்த்திய தானியம் (பெரும்பாலும் பார்லி), ஹொப்ஸ் என்ற கொடியின் பூ, நொதிக்கவைக்கும் ஈஸ்ட். முளைத்த பார்லியைத்தான் மோல்ட் என்கிறார்கள். அதை இலேசாக உலர்த்தினால் பியர் வைக்கோல் நிறத்தில், பாண் வாசத்தோடு இருக்கும். இன்னும் சூடேற்றினால் கருகிய சீனியின் ருசி வரும். கறுக்கும்வரை வறுத்தால் கோப்பியும் கறுப்புச் சொக்கிலேற்றும் மணக்கும் ஸ்டவுட் கிடைக்கும். ஹொப்ஸ் கசப்பைத் தரும். தோடம்பழத் தோல், பைன் மரம் போன்ற வாசங்களையும் தரும். ஈஸ்ட்டின் வேலை இன்னும் வியப்பானது. ஜேர்மனியின் பவேரியா மாநிலத்துக் கோதுமைப் பியரில் வாழைப்பழ வாசமும் கராம்பு வாசமும் இருக்கும். அதில் வாழைப்பழமும் போடுவதில்லை, கராம்பும் போடுவதில்லை. அந்த இரண்டையும் ஈஸ்ட் தானாகவே உண்டாக்குகிறது.

கிராஃப்ட் பியர் என்பது இந்த நான்கையும் வைத்துச் சிறிய அளவில், பெரிய கம்பனிகளின் கையில் சிக்காமல், காய்ச்சுபவர் தன் ருசிக்குச் செய்யும் பியர். 1965இல் சான் பிரான்சிஸ்கோவில் ஃபிரிட்ஸ் மேய்டாக் என்பவர் மூடப்படவிருந்த ஆங்கர் என்ற பழைய பியர் சாலையில் பங்கு வாங்கிக் காப்பாற்றினார். 1980இல் கலிபோர்னியாவில் சியரா நெவாடா என்ற பியர் சாலை தொடங்கியது. அங்கிருந்து இந்த அலை உலகெங்கும் போனது. இந்தியாவுக்கும் வந்தது. 2009இல் பூனேயில் டூலாலி என்ற சிறு பியர் சாலை திறந்தது, அடுத்த வருடம் பெங்களூரில் டொயிட் வந்தது. சாப்பாட்டு மேசையில் வைனுக்குக் கொடுக்கும் மரியாதையைப் பியருக்கும் கொடுக்கவேண்டும் என்று விடாமல் வாதாடியவர்களில் முக்கியமானவர் நியூயோர்க்கின் புரூக்ளின் பியர் சாலையில் 1994 முதல் காய்ச்சுநராக இருந்த காரட் ஒலிவர். 2003இல் வெளிவந்த அவருடைய 'தி புரூமாஸ்டர்ஸ் டேபிள்' முழுக்க முழுக்க இந்தச் சோடி சேர்ப்பதைப் பற்றியதே. வறுத்தது, பொரித்தது, சுட்டது, மசாலா போட்டது ஆகியவற்றோடு வைனைவிடப் பியர் இலகுவாக ஒட்டும், ஏனென்றால் பியரின் தானியமே வறுபட்டுத்தான் வருகிறது என்பது அவர் கட்சி. நம்முடைய சமையலை நினைத்துப் பார்த்தால் அந்த வாதத்தில் நிறைய நியாயம் இருக்கிறது.

இலங்கைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரின் தாகத்துக்காக நுவரெலியாவின் குளிரில் பியர் காய்ச்சத் தொடங்கினார்கள். அந்த வழியில் வந்த லயன் ஸ்டவுட், 8.8 வீத மதுசாரம் கொண்டது. கறுப்பு, தடிப்பு, சொக்கிலேற்று வாசம். உலகப் பியர்களை வகைபிரித்து முதன்முதலில் முறையாக எழுதிய ஆங்கிலேயர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் வேறு, இவர் வேறு, 1942இல் பிறந்து 2007இல் இறந்தவர்) இதைப் பற்றி உயர்வாக எழுதினார். அதன்பிறகு நம் நாட்டில் மலிவான கறுப்புப் பியர் என்று நினைக்கப்பட்ட போத்தல் வெளிநாட்டு ரசிகர்களின் பட்டியல்களில் ஏறியது.

இனி நாக்குக்கு வருவோம். இந்த விடயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

உறைப்பு ஒரு சுவையல்ல. மிளகாயில் உள்ள கப்சைசின் என்ற பொருள், வாயில் சூட்டை உணரும் நரம்பு உணர்விகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. உண்மையாக எதுவும் சுடவில்லை. ஆனால் மூளைக்கு வாய் சுடுகிறது என்ற செய்தி போகிறது. இந்த உணர்வியை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்து கொடுக்கப்பட்டது. கப்சைசின் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. கொழுப்பில் நன்றாகக் கரையும். ஆகவேதான் நண்டுக் கறிக்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் போவதில்லை. வாயில் இருக்கும்வரை தண்ணீரின் குளிர் ஆறுதல் தரும், விழுங்கியதும் எரிவு திரும்பிவிடும். பாலும் தயிரும் மோரும் அப்படியல்ல. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் கப்சைசினைப் பிடித்து நாக்கிலிருந்து கழற்றிக்கொண்டு போகும். சீனியும் எரிவை மட்டுப்படுத்தும்.

மது? கப்சைசின் மதுசாரத்தில் கரையும் என்பது உண்மைதான், ஆனால் அதற்குப் பியரில் உள்ள ஐந்தாறு வீதம் காணாது. மாறாக வேறொன்று நடக்கிறது. மதுசாரம் அதே சூட்டு உணர்வியை மேலும் இலகுவாகத் தூண்டப்படும்படி ஆக்கிவிடுகிறது. வழக்கமாக 42 பாகை செல்சியஸ் அளவில் விழிக்கும் உணர்வி, மதுசாரம் பட்டால் 34 பாகையிலேயே விழித்துக்கொள்ளும். நம் வாயின் சூடு அதைவிட அதிகம். அறைச் சூட்டில் இருக்கும் சாராயம் தொண்டையில் நெருப்பாக இறங்குவதன் காரணம் இதுதான். மிளகாய் ஏற்கெனவே அந்த உணர்வியைத் தட்டிக்கொண்டிருக்கும்போது மேலே கடும் மதுவை ஊற்றினால் இரண்டு எரிவும் கூடிப் பெருகும். ஹொப்ஸின் கசப்பும் அப்படித்தான். உறைப்போடு சேர்ந்தால் ஒன்றையொன்று ஏற்றிவிடும். வாயுக் குமிழிகளும் அப்பாவிகள் அல்ல. சோடாவின் 'சுர்' என்ற குத்தல், வாயில் காபனிக் அமிலம் உண்டாவதால் வரும் சிறு வலியுணர்வு. அதிக உறைப்பின் மேல் சோடா குடிக்கும்போது நன்மை செய்வது அதிலுள்ள குளிரும் சீனியும், குமிழி அல்ல.

ஆகவே "உறைப்பான கறிக்குக் கடும் கசப்புப் பியர் சோக்காக இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். உறைப்புக்கு ஏற்றது மதுசாரம் குறைந்த, கசப்புக் குறைந்த, கொஞ்சம் இனிப்பும் தானிய வாசமும் உள்ள பியர். கோதுமைப் பியர் அதற்கு நன்று.

குமிழிக்கும் கசப்புக்கும் வேறு வேலை இருக்கிறது. பொரியலின் எண்ணெய் நாக்கில் படிந்துவிட்டால் அடுத்த வாயின் ருசி மங்கும். குமிழியும் புளிப்பும் கசப்பும் அந்தப் படிவைக் கிழித்து வாயைத் துடைத்துவிடும். தேயிலையின் துவர்ப்பு செய்வதும் இதையே. அதிலுள்ள பொருள்கள் உமிழ்நீரின் புரதங்களோடு ஒட்டி, வழுக்கலைப் போக்கி, வாயை உலர்த்துகின்றன. உப்பு இன்னொரு நல்ல வேலை செய்யும்: கசப்பை அடக்கும். உப்புப் போட்ட கச்சானோடு கசப்பான பியர் இறங்குவதும், கருவாட்டுப் பொரியலோடு கடும் சாயத் தேத்தண்ணி ருசிப்பதும் ஒரே காரணத்தால்.

விருந்தின் வரிசையும் இந்த இயல்புகளிலிருந்துதான் வருகிறது. மெல்லியதிலிருந்து தடித்ததற்கு, வெளிர் நிறத்திலிருந்து கறுப்புக்கு, குறைந்த மதுசாரத்திலிருந்து கூடியதற்கு. முதலிலேயே ஸ்டவுட்டைக் கொடுத்தால் பிறகு வரும் மெல்லிய பியர் தண்ணீராகத் தோன்றும். குளிர்ச்சியும் மாறும்: வெளிர் பியர் 5 பாகை அளவில், ஸ்டவுட் 10, 12 பாகையில். மிகக் குளிர்ந்தால் வாசம் வெளியே வராது.

மன்னார்க் கடலின் மீன்களை வைத்து இப்படி ஒரு வரிசையைச் சிந்தித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு வகைக்கும் மது உள்ள பானம் ஒன்றும், தாராபுரத்து மேசைக்கான பானம் ஒன்றும் சொல்கிறேன்.

தொடக்கத்துக்குக் கணவாய்ப் பொரியலோ நெத்தலிப் பொரியலோ. உப்பு, எண்ணெய், மொறுமொறுப்பு. இதற்கு 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் பிறந்த வெளிர்ப் பியர் வகை, பில்ஸ்னர், கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். குமிழி எண்ணெயை வெட்டும், கசப்பை உப்பு அடக்கும். மது இல்லாத மேசையில் அதே வேலையைத் தேசிக்காய்ச் சாறும் உப்பும் போட்ட சோடா செய்யும். சீனி போடவேண்டாம், இந்தக் கட்டத்தில் இனிப்பு வந்தால் பசி அடங்கிவிடும்.

அடுத்தது ஒடியற் கூழ். பனங்கிழங்கை உலர்த்தி இடித்த மா, நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பழப்புளி, செத்தல் மிளகாய் எல்லாம் சேர்ந்த தடித்த கூழ். இதற்கு என் தெரிவு வெளிநாட்டுப் பியர் எதுவும் அல்ல, பனங்கள். வடக்கில் கிராஃப்ட் பியருக்கு மிக நெருங்கிய பானம் அதுதான். சீவல் தொழிலாளி காலையும் மாலையும் மரமேறிப் பாளையைச் சீவி முட்டியைக் கட்டுகிறார். சாறு முட்டியில் விழும்போதே காற்றிலும் முட்டியிலும் உள்ள ஈஸ்ட்டும் பற்றீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் ஐந்து வீதம் வரை மதுசாரமும், கூடவே இலேசான புளிப்பும் வரும். ஒரு நாள் தாண்டினால் காடியை நோக்கிப் போய்விடும். பெல்ஜியத்தில் காற்றிலுள்ள ஈஸ்ட்டால் நொதிக்கவிட்டுச் செய்யும் லம்பிக் என்ற புளிப்புப் பியருக்கு உலகம் பெரும் விலை கொடுக்கிறது. அதே இயற்கை நொதிப்பை நம் பனை தினம் இரண்டு வேளை செய்துகொண்டிருக்கிறது. அதற்குரிய மதிப்பு அதற்குக் கிடைக்காதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. தவறணையில் பிளாவில் கள்ளும் பக்கத்தில் நண்டுக்காலோ சுட்ட கருவாடோ வைத்துச் சாப்பிடுபவர் யாரிடமும் பாடம் படிக்காமலே சரியான சோடியைப் பிடித்தவர். கள்ளின் மெல்லிய இனிப்பு உறைப்பைத் தணிக்கும், புளிப்பு மீனின் வெடிலை அடக்கும், மதுசாரம் குறைவானபடியால் எரிவு ஏறாது.

அதே மரம் தாராபுரத்துக்கும் கொடுக்கிறது. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் சுண்ணாம்பின் காரத்தன்மை நொதிப்பை நிறுத்திவிடும். கிடைப்பது கருப்பநீர், மது கலவாத இனிப்புச் சாறு. கூழின் புளிக்கும் உறைப்புக்கும் அதன் இனிப்பு மிகப் பொருத்தம். காலையில் இறக்கியதைச் சுணங்காமல் குடிக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

மூன்றாவது நண்டுக் கறி, முருங்கையிலை போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, நல்ல உறைப்பாக. நண்டின் சதைக்கு இயல்பிலேயே ஓர் இனிப்பு இருக்கிறது. கூடிய கசப்புள்ள பானம் அதைக் கொன்றுவிடும். கோதுமைப் பியர் இங்கேதான் வரவேண்டும். அதன் கராம்பு வாசம் கறிச்சரக்கில் உள்ள கராம்போடு கைகோர்க்கும். மற்ற மேசைக்கு மோர்: இஞ்சி, பச்சை மிளகாய் போட்டுத் தாளித்ததல்ல, வெறும் உப்பு மோர். இஞ்சியின் காரமும் அதே சூட்டு உணர்வியைத்தான் தட்டும் என்பதால் உறைப்பான கறிக்குப் பக்கத்தில் கடும் இஞ்சிப் பானம் உதவி செய்யாது. மீனுக்கு மேல் பால் வகை கூடாது என்று சில வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வீட்டில் இளநீர் வைக்கலாம். எரிவை அது கழற்றாது, ஆனால் குளிரும் மெல்லிய இனிப்பும் உண்டு. இன்னொன்றையும் இங்கே கவனிக்கவேண்டும். நம் சோற்றுக்குச் சொதி இருக்கிறது. தேங்காய்ப்பாலில் கேசின் இல்லை, கொழுப்பு இருக்கிறது. கப்சைசின் அதில் கரையும். உறைப்பான கறிக்குப் பிறகு சொதி விட்டுச் சாப்பிடும் பழக்கத்துக்குள் ஒரு பானச் சோடியே ஒளிந்திருக்கிறது.

நான்காவது மாட்டிறைச்சிக் கறி அல்லது ஆட்டிறைச்சிப் பிரட்டல். எனக்கு மிகப் பிடித்த சோடி இதில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கறித்தூளுக்குச் சரக்கை வறுத்து இடிக்கிறோம். மல்லி, சீரகம், மிளகு, செத்தல் எல்லாம் நிறம் மாறும்வரை வறுபடுகின்றன. ஸ்டவுட்டுக்கும் பார்லி அப்படியே வறுபடுகிறது. சூட்டில் புரதமும் சீனியும் கூடிப் பழுப்பாகும்போது பிறக்கும் வாசக் குடும்பம் இரண்டிலும் ஒன்று. சட்டியில் பிரண்ட இறைச்சியிலும் அதுவே. மூன்றும் சந்திக்கும்போது எது கறி, எது பானம் என்று பிரிக்கமுடியாத ஒரு ருசி வரும். ஒரேயொரு எச்சரிக்கை. லயன் ஸ்டவுட்டின் 8.8 வீதம் என்பது கூடுதல். மேலே சொன்னபடி எரிவை ஏற்றும். இந்தக் கறிக்குச் செத்தலைக் குறைத்து மிளகையும் மல்லியையும் கூட்டிச் சமைக்கவேண்டும். மது வேண்டாதவருக்கு அதே வறுபட்ட வாசம் கறுப்புக் கோப்பியில் இருக்கிறது. சாப்பாட்டோடு கோப்பியா என்று கேட்கலாம். சின்னக் கோப்பையில், சீனி போடாமல், மல்லியும் வேர்க்கொம்பும் இலேசாகச் சேர்த்து, ஆறவிட்டுக் கொடுத்துப் பாருங்கள்.

கடைசியில் வட்டிலப்பம். மலாய்க்காரர் வழியாக இலங்கைக்கு வந்து முஸ்லிம் வீடுகளின் அடையாளமாகவே ஆகிவிட்ட பண்டம். முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலம், சாதிக்காய். கருப்பட்டி என்பதே கொதித்துக் கருமையேறிய சாறு. அதனால் அதுவும் வறுபட்ட வாசக் குடும்பத்தின் உறவுதான். ஸ்டவுட்டின் மீதியை இதோடு குடிப்பவர்கள் வேறு இனிப்புத் தேடமாட்டார்கள். மற்றவர்களுக்கு வெறும் பிளேன்டீ, கடும் சாயமாக, சீனியில்லாமல். இனிப்புப் பண்டத்துக்கு மேல் இனிப்புப் பானம் வைப்பது பலர் வீட்டில் நடக்கும் பிழை. நாக்கு பண்டத்தின் இனிப்புக்குப் பழகிவிடுவதால் பானம் சப்பென்று போகும்; பானத்தின் இனிப்பால் பண்டமும் மங்கும். தேயிலையின் துவர்ப்பு ஒவ்வொரு கரண்டியையும் முதல் கரண்டியாக்கும்.

தாராபுரத்தின் சொந்த விருந்து இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வருவதல்ல. சஹன் சாப்பாட்டில் பெரிய தட்டம் ஒன்றைச் சுற்றி ஆறு பேர் அளவில் அமர்ந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். நடுவில் நெய்ச்சோறோ புரியாணியோ, அதன்மேல் கோழி, பக்கத்தில் இறைச்சிக் கறி, கத்தரிக்காய், அச்சாறு, புதினாச் சம்பல். உணவக விருந்தில் கிளாஸ் செய்யும் வேலையை இங்கே அச்சாறும் சம்பலும் செய்கின்றன. நெய் நாக்கில் படியும்போது வினாகிரியில் ஊறிய அன்னாசித் துண்டு அதை வெட்டுகிறது. சோற்றின் சூட்டுக்கும் மசாலாவுக்கும் புதினா குளிர்ச்சி தருகிறது. அதிலுள்ள மெந்தோல் குளிரை உணரும் இன்னொரு நரம்பு உணர்வியைத் தட்டுவதால் வரும் குளிர்ச்சி அது. ஆறு பேரும் தங்கள் விருப்பத்துக்கு ஏற்பத் தொட்டுக்கொள்வதால் ஒவ்வொரு கைப்பிடியும் சாப்பிடுபவரே சேர்த்த சோடி. சமையற்காரர் தீர்மானித்து அனுப்பும் விருந்தைவிட இது ஒருபடி மேல் என்பேன்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தாராபுரத்தாரும் வீடுவாசலை விட்டுப் போனார்கள். பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் இருபது வருடங்களுக்குக் கிட்ட வாழ்ந்தார்கள். இன்னும் அங்கேயே இருப்பவர்களும் உண்டு. அந்த வருடங்களின் கலியாணங்களும் பெருநாட்களும் அங்கேதான் நடந்தன. ஊர் கைவிட்டுப் போன காலத்தில் ஆறு பேரை ஒரு தட்டில் இருத்தும் வழக்கத்துக்கு என்ன பெறுமதி என்பதை அந்தத் தலைமுறையிடம் கேட்டால்தான் தெரியும்.

ஒழுங்கான வரிசை தாராபுரத்தில் வேறொரு வேளையில் இருக்கிறது: நோன்பு துறக்கும் நேரம். முதலில் பேரீச்சம்பழம், தண்ணீர். பகல் முழுதும் வெறுமையாக இருந்த உடம்புக்கு விரைவில் சேரும் சீனியும் ஈரமும். பிறகு கஞ்சி, மென்மை, உப்பு, கொஞ்சம் தேங்காய்ப்பால், உலர்ந்த தொண்டைக்கு இதமான சூடு. அதற்குப் பிறகே சமூசா, பற்றிஸ், ரோல்ஸ் போன்ற பொரித்த, உறைத்த பண்டங்கள். அவற்றோடு பலூடா அல்லது பால் சேர்த்த சர்பத். பாலின் கேசின், சீனி, குளிர் மூன்றும் ஒரே கிளாஸில். உறைப்பைத் தணிக்க இதைவிடச் சிறந்த கலவை எந்தப் பியர் சாலையிலும் இல்லை. கடைசியில் பிளேன்டீ. மெல்லியதிலிருந்து கடியதற்கு, துவர்ப்பில் முடிவு. பியர் விருந்தின் வரிசை வேறு வழியால் வந்து சேர்ந்த இடமும் இதுவே.

வளைகுடா நாடுகளில் வேலை செய்து வந்தவர்கள் அங்கே கிடைக்கும் மோல்ட் பானங்களைப் பழகியிருப்பார்கள். வறுத்த பார்லியின் ருசி வேண்டும், மது வேண்டாம் என்பவர்களுக்கு அவை உதவும். ஆனால் போத்தலைத் திருப்பி வாசிக்கவேண்டும். பியராகக் காய்ச்சிப் பின்னர் மதுசாரத்தை எடுத்துவிடும் வகைகளை ஜேர்மனி போன்ற நாடுகளில் 0.5 வீதம் வரை மதுசாரம் இருந்தாலும் மதுவற்றது என்று விற்கலாம். நொதிக்கவிடாமலே செய்யும் மோல்ட் பானம் வேறு. எது தனக்கு ஏற்றது என்பதை அவரவர் மார்க்கம் அறிந்தவரிடம் கேட்டு முடிவுசெய்வது நல்லது.

குடிப்பவருக்கும் ஒரு கணக்கு. ஐந்து கிளாஸ், ஒவ்வொன்றும் 120 மில்லிலீற்றர் என்றால் 600 மில்லிலீற்றர். ஸ்டவுட் உட்படச் சராசரி 5.5 வீதம் என்று வைத்தால் உடலுக்குள் போவது 33 மில்லிலீற்றர் தூய மதுசாரம். 330 மில்லிலீற்றர்ப் பியர்ப் போத்தல் இரண்டு குடித்ததற்கு ஏறக்குறையச் சமம். கிளாஸ் சிறிதாக இருப்பதாலும் இடையிடையே சாப்பாடு வருவதாலும் அது தெரியாது. மோட்டார் சைக்கிளில் திரும்பலாம் என்று எண்ணிப் போகக் கூடாத விருந்து அது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது விற்கக்கூடாது; போயா நாட்களில் விற்பனையும் இல்லை.

இவற்றைச் சோதித்துப் பார்க்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. வீட்டில் கணவாய்க் கறி வைக்கும் நாளில் நான்கு சின்னக் கிளாஸ் எடுங்கள்: தண்ணீர், உப்பு மோர், இனிப்புச் சோடா, சீனியில்லாத பிளேன்டீ. ஒரு வாய் கறி, ஒரு மிடறு தண்ணீர், அரை நிமிடம் பொறுத்து எரிவு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். வெறும் சோறு கொஞ்சம் சாப்பிட்டு நாக்கை ஆற்றிவிட்டு அடுத்த கிளாஸுக்குப் போங்கள். பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் அவர்கள் பெரியவர்களைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள். மறுநாள் அதே நான்கையும் நெத்தலிப் பொரியலோடு வைத்துப் பாருங்கள், வரிசை மாறிவிடும். முதல் நாள் வென்ற மோர் பின்னுக்குப் போகும், தேத்தண்ணி முன்னுக்கு வரும்.